பரத்பூர் பறவைக் காட்டுக்குள் சைக்கிளை எதுவரை விடலாம்?

மிதிவண்டிக்காரன்:
போன டிசம்பர் கடைசியில் ராஜஸ்தான் பரத்பூர் போய், கேவலாதேவ் தேசியப் பூங்காவை இரண்டு நாள் சைக்கிளிலேயே சுற்றினேன். வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. சாந்தி குடீர் சாவடியைத் தாண்டிவிட்டால் நம் காருக்கும் பைக்குக்கும் இடமில்லை. காலை ஏழு மணி, பனி விலகவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்குள் கருவேல மரங்கள். என் சைக்கிள் செயின் கிறீச்சிட்டதைத் தவிர வேறு இயந்திரச் சத்தமே இல்லை. சாரசக் கொக்கு ஜோடி ஒன்று கூப்பிட்டது எவ்வளவு தூரத்திலிருந்து என்று கணிக்க முடியவில்லை, அவ்வளவு அமைதி.

கேவலாதேவ் கோயில் பக்கத்தில் மகாராஜா காலத்து வேட்டைக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். 1938இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள். அதைப் படித்துவிட்டுத் திரும்பச் சைக்கிளில் ஏறியபோது மனசு கனத்துவிட்டது. துப்பாக்கியோடு போன இடத்துக்குள் இன்றைக்கு நாம் மிதித்துக்கொண்டு போகிறோம். காட்டைப் பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. தார்ச்சாலையோடு நிறுத்தாமல், உள்ளே இருக்கும் எல்லாக் கரைப் பாதைகளையும் சைக்கிளுக்குத் திறந்துவிட வேண்டும் என்பது என் கருத்து. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தாழைக்கோழி:
நான் நேர்மாறாக நினைக்கிறேன். சத்தம் இல்லை என்பதாலேயே தொந்தரவு இல்லை என்று ஆகாது சார். ஜீப்பைப் பல விலங்குகள் ஒரு பெரிய பொருளாகத்தான் பார்க்கின்றன, பழகியும் விடுகின்றன. மனித உருவம் தெரிந்தால்தான் மிரட்சி. சைக்கிளில் அந்த உருவம் முழுசாகத் தெரிகிறது, அதுவும் சத்தமில்லாமல் திடீரென்று பக்கத்தில் வந்து நிற்கிறது. கரைப் பாதையில் ஒரு குழு மிதித்து வந்ததும் வரித்தலை வாத்துக் கூட்டம் மொத்தமாக எழும்பியதை நான் பார்த்தேன். இமயமலையைத் தாண்டி வந்த பறவைகள் அவை. திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன. மேய்ச்சலை விட்டு எழும்பும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பில்தான் கை வைக்கிறோம்.

அப்புறம் மலைப்பாம்பு. குளிர்காலத்தில் முள்ளம்பன்றி வளையின் வாசலில் வந்து வெயில் காயும். அன்றைக்கு ஒன்று பாதி உடம்பை வெளியே போட்டுப் படுத்திருந்தது. இரண்டு சைக்கிள்களை மரத்தில் சாய்த்துவிட்டு நாலு பேர் போனை நீட்டிக்கொண்டு போனார்கள். செதில் மண்ணில் உரசும் சத்தம்கூடக் கேட்டது. அப்படியே பின்னால் இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்விட்டது. வெயில்தான் அதற்குச் சூடு. நாம் அதைப் பிடுங்கிவிட்டோம். தார்ச்சாலையிலேயே ஓட்டுங்கள், போதும்.

மிதிவண்டிக்காரன்:
மலைப்பாம்பு விஷயம் தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் அது இறங்கிப் போனவர்கள் செய்த தப்பு, சைக்கிள் செய்த தப்பு இல்லை. பூங்கா மொத்தமே சுமார் 29 சதுர கிலோமீட்டர். எல்லோரையும் ஒரே சாலையில் அடைத்தால் அந்தச் சாலை ஓரத்துப் பறவைகளுக்குத்தான் மொத்த நெருக்கடியும். அமெரிக்காவின் எவர்கிளேட்ஸில் ஷார்க் வேலி என்ற இடத்தில் 24 கிலோமீட்டர் சுற்றுப்பாதை இருக்கிறது. தனியார் கார் கிடையாது. நடை, சைக்கிள், பூங்காவின் டிராம் மட்டும்தான். முதலைகள் பாதை ஓரத்திலேயே படுத்திருக்கும். 15 அடி தள்ளி நில் என்கிறார்கள், சைக்கிளைத் தடை செய்யவில்லையே.

தாழைக்கோழி:
அந்தச் சுற்றுப்பாதை தார் போட்டது. முதலை கிடக்கும் புல்லுக்குள் யாரும் சைக்கிளை இறக்குவதில்லை. நான் கேட்பதும் அதைத்தான்.

வேப்பமரத்தடி:
இரண்டு பேருமே ரிக்‌ஷாக்காரர்களை மறந்துவிட்டீர்கள். நான் அப்பாவோடு போனபோது எங்களை ஏற்றிப் போன பெரியவர், வெறும் பட்டைபோல் தெரிந்த ஒரு கிளையைக் காட்டி, பொறுமையாக இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவைதான் அது கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் ஆந்தை என்று புரிந்தது. எங்கே நிற்க வேண்டும், எதற்குப் பக்கத்தில் நிற்கவே கூடாது என்று அவருக்குத் தெரியும். வாடகைச் சைக்கிள் எடுத்தவருக்கு அது தெரியாது.

ஆனால் தாழைக்கோழி அக்காவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் 'தொந்தரவு' என்ற வார்த்தைக்கு ஒரு கதை இருக்கிறது. 1982இல் தேசியப் பூங்கா ஆக்கியபோது மாடு, எருமை மேயக் கூடாது என்றார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், போலீஸ் சுட்டதில் உயிர் போனது. எருமை போனபின் நீரில் புல் மண்டி, பறவைகளுக்கு வேண்டிய திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1980 முதல் பத்து ஆண்டு அங்கேயே ஆய்வு நடத்தியதில்தான், எருமைகள் அந்தச் சதுப்பு நிலத்துக்கு உதவியாக இருந்தன என்று தெளிவானது. அதை நடத்திய வி.எஸ். விஜயன்தான் பிறகு நம் கோவையில் சலீம் அலி பறவையியல் மையத்தின் முதல் இயக்குநர். அளந்து பார்க்காமல் தடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்தக் காடே சாட்சி.

தாழைக்கோழி:
நியாயம்தான் தம்பி. எருமை அங்கே மேய்ந்தது. நாம் வேடிக்கை பார்க்கப் போகிறோம். அந்த வித்தியாசத்தை விடமாட்டேன்.

மிதிவண்டிக்காரன்:
சைபீரியக் கொக்கு 2001-02 குளிர்காலத்தோடு வருவதை நிறுத்தியதே, அதற்குச் சைக்கிளா காரணம்? வரும் வழியெல்லாம் வேட்டை, தங்கும் இடமெல்லாம் அழிவு. பூங்காவுக்குத் தண்ணீர் பற்றாமல் போவது மேலே பாஞ்சனா அணை கட்டியதால். இதையெல்லாம் விட்டுவிட்டு மிதிப்பவனைப் பிடிக்கிறீர்கள்.

தாழைக்கோழி:
தண்ணீருக்காகவும் குரல் கொடுக்கிறேன். அணை நம் கையில் இல்லை, பிரேக் நம் கையில் இருக்கிறது. சரி, ஜனவரியில் நான் திரும்பப் போகிறேன். ஒரே பாதையில் ஒரு நாள் நடந்தும் மறுநாள் சைக்கிளிலும் போய், எத்தனை அடியில் வாத்துகள் எழும்புகின்றன என்று குறித்துப் பார்க்கலாம். வருகிறீர்களா?

மிதிவண்டிக்காரன்:
வருகிறேன். அனுமதி கேட்டுவிட்டுத்தான். மூன்றாவது நாள் ரிக்‌ஷாவிலும் போய்க் குறிக்க வேண்டும், வேப்பமரத்தடி சொன்ன அந்தப் பெரியவர் இன்னும் ஓட்டுகிறாரா?

வேப்பமரத்தடி:
எட்டு வருஷம் ஆகிவிட்டது. வாசலில் வலது பக்கம் நிற்பார். கேட்டுப் பாருங்கள்.