மறு: சார்ஜ் கண்ட்ரோலருக்குத் தமிழில் என்ன சொல்? ‘மின்மடை’யை முன்வைக்கிறேன்

அனைவருக்கும் வணக்கம்.

சோலார் பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே உட்காரும் சார்ஜ் கண்ட்ரோலர் என்ற பெட்டிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்கும் இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். பட்டறையில் வேலை ஓயவில்லை, இன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் உட்கார்ந்து எழுத முடிகிறது. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வயர்மேன் வேலை பார்ப்பவன், பழைய நிசான் வானெட் வேன்களை உள்ளேயே தங்கிப் பயணம் போகும் கேம்பர் வேனாக மாற்றுகிறவர்களுக்குக் கூரையில் சோலார் பேனல் மாட்டி வயர் இழுத்துக் கொடுக்கிறேன். இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன தீபாவளி விடுமுறையில் என் தம்பி தன் வேனுக்கு அவனே வயரிங் செய்தான். நான் தொலைபேசியில் குரல் பதிவு அனுப்பி வழி சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது நான் என் கையேட்டில் சார்ஜ் கண்ட்ரோலரை ‘மின்னேற்ற மாற்றி’ என்று எழுதியிருந்தேன், பேச்சில் சுருக்கி ‘மாற்றி’ என்பேன். “பேனலிலிருந்து வர்ற ரெண்டு வயரையும் மாற்றியில குடுடா” என்றேன். அவனுக்கு மாற்றி என்றால் இன்வெர்ட்டர், 12 வோல்ட்டை வீட்டு மின்சாரமாக மாற்றுவது அதுதானே. இரண்டு பெட்டியிலும் சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று என்று முனைகள் இருக்கின்றன. மாட்டிவிட்டான். 100 வாட் பேனல் இரண்டைத் தொடராக, அதாவது ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்து இணைத்தால் சுமை இல்லாத நேரத்தில் 44 வோல்ட் வரை வரும், அந்த இன்வெர்ட்டர் தாங்குவது 15, 16 வோல்ட்தான். உள்ளே மின்தேக்கி வெடித்துப் புகை வந்தது. அவன் மூன்று மாதம் காசு சேர்த்து வாங்கியது அது. தவறு அவனுடையது இல்லை, நான் வைத்த பெயருடையது. அன்றிலிருந்து அந்தப் பெயரைக் கையேட்டிலிருந்து அடித்துவிட்டேன், பதிலுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல்தான் இங்கே வந்தேன்.

சரி, அந்தப் பெட்டி என்ன செய்கிறது? பகலில் பேனலிலிருந்து வருவதைப் பேட்டரிக்குள் விடுகிறது. பேட்டரி நிறைய நிறைய அளவைக் குறைத்து, நிறைந்ததும் நிறுத்துகிறது. லித்தியம் என்றால் பொதுவாக 14.4 வோல்ட் பக்கம். ஈயப் பேட்டரி என்றால் அதன் பிறகும் 13.6 வோல்ட் பக்கத்தில் மெதுவாகக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். இரவில் பேட்டரியில் இருப்பது பேனல் வழியாகத் திரும்பி ஓடாமல் அடைத்துக்கொள்கிறது. விடுவது, அளப்பது, அடைப்பது, திரும்பவிடாமல் காப்பது. சொல் இந்த நான்கையும் நினைவுபடுத்த வேண்டும் என்று நினைக்கிறேன்.

> ‘மின்னேற்றக் கட்டுப்படுத்தி’ ஏற்கெனவே இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே.

கோவை ஐயா, பிழையில்லாத சொல்தான், பாடநூலுக்குப் பொருந்தும். ஆனால் கூரைமேல் குப்புறப் படுத்து வயரைப் பிடித்துக்கொண்டு கீழே இருப்பவனிடம் கத்த முடியாது. சுருக்கித்தான் சொல்வார்கள், சுருக்கினால் வெறும் ‘கட்டுப்படுத்தி’ ஆகிவிடும், வேனுக்குள் விசிறிக்கும் ஒரு கட்டுப்படுத்தி இருக்கிறது, விளக்குக்கும் இருக்கிறது. எந்தச் சொல்லும் வேலைக்களத்தில் பாதியாகத்தான் வாழும், அந்தப் பாதி என்னவாக இருக்கும் என்பதைப் பார்த்துத்தான் முழுசை வைக்க வேண்டும். என் தம்பியின் இன்வெர்ட்டர் போனதும் அந்தப் பாதியால்தான்.

> ‘மின்கங்காணி’ என்று வைப்போம். கண்காணிப்பதுதானே வேலை. நம் தோட்டத்துச் சொல்லாகவும் இருக்கும்.

ஈப்போ அண்ணே, தோட்டத்துச் சொல்லாக வேண்டும் என்ற உங்கள் ஆசை எனக்கும் உண்டு. பால்மரம் (ரப்பர் மரம்), மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்), பெரட்டு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) என்று ரப்பர்த் தோட்டங்களில் நம் ஆட்கள் புழங்கிய சொற்கள் எதையும் யாரும் குழு போட்டு உருவாக்கவில்லை, வேலையிலிருந்து வந்தவை. ஆனாலும் தோட்டத்தில் கூலிகளை மேற்பார்த்தவரைக் குறிக்கும் கங்காணி வேண்டாம் அண்ணே. 1938-இல் இந்திய அரசு கூலித் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்பத் தடை போடும் வரை ஊரிலிருந்து ஆள் கட்டிக் கொண்டுவந்தவர்களும், கூலியில் கை வைத்தவர்களும் கங்காணிகளில் இருந்தார்கள். என் பாட்டி அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வார். ஒரு நல்ல பெட்டிக்கு அந்தப் பெயரை ஒட்ட எனக்குக் கை வரவில்லை. இன்னொன்று, கங்காணி நின்று பார்ப்பவர், திறப்பதும் அடைப்பதும் அவர் வேலை இல்லை.

தண்ணீரைத் திறந்துவிட்டு அடைப்பது மடை. அதனால் ‘மின்மடை’ என்று வைக்கலாம் என்கிறேன்.

நேற்று ஓர் அக்கா கேட்டிருந்தார், மலேசியாவில் பிறந்த பிள்ளைகள் ஏரியையும் மடையையும் எங்கே பார்த்தார்கள் என்று. நியாயமான கேள்வி. நான் ஏரி மடையைப் பார்த்ததில்லை, ஆனால் மடையைப் பார்த்திருக்கிறேன். என் அப்பா இங்கே வருவதற்கு முன் பாகான் டத்தோ பக்கம் கடலோரத் தோட்டத்தில் இருந்தார். அங்கே நிலம் தாழ்வு, கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியே உள்ளே வந்தால் மரம் போய்விடும். அதனால் கரை கட்டி, வாய்க்கால் கடலைச் சேரும் இடத்தில் கதவு வைத்திருந்தார்கள். கடல் வற்றும்போது திறந்து தோட்டத்துத் தண்ணீரை வெளியே விட வேண்டும், ஏறத் தொடங்கியதும் அடைக்க வேண்டும். நடுராத்திரி என்றாலும் அப்பா எழுந்து டார்ச் விளக்கோடு போய்ச் சக்கரத்தைச் சுற்றி இறக்கிவிட்டு வருவார், சிறுவயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். போகவிடு, திரும்பவிடாதே. நம் பெட்டி இரவில் செய்வது அச்சு அசலாக அதே வேலை. அந்தக் கதவைப் பார்க்காத பிள்ளைக்கும் ‘மடை திறந்த வெள்ளம்’ என்றால் புரியும், அது போதும்.

> மடை தண்ணீரின் அழுத்தத்தை மாற்றாது. எம்.பி.பி.டி. வகை வோல்ட்டேஜையே மாற்றுகிறதே, அதை எப்படி மடை என்பீர்கள்?

தம்பி, இந்த இழையிலேயே வலுவான மறுப்பு இதுதான், இரண்டு நாள் யோசித்தேன். சார்ஜ் கண்ட்ரோலரில் பி.டபிள்யூ.எம்., எம்.பி.பி.டி. என்று இரண்டு வகை. பி.டபிள்யூ.எம். வகைக்கு மடை அப்படியே பொருந்தும், அது பேனலை நேராகப் பேட்டரியோடு சேர்த்து வேகமாகத் திறந்து திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். அதனால் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரக்கூடிய 100 வாட் பேனலும் பேட்டரியின் 13.5 வோல்ட்டுக்கு இழுபட்டு 74 வாட் அளவில் நின்றுவிடும். எம்.பி.பி.டி. அப்படி இல்லை. பேனல் எந்த வோல்ட்டில் அதிகமாகத் தருகிறது என்று தேடிக்கொண்டே இருந்து, அங்கே நின்று, மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தருகிறது. என் வேனில் தொடராக இணைத்த இரண்டு பேனலிலிருந்து 36 வோல்ட், 5.5 ஆம்பியர் வருகிறது. பேட்டரிப் பக்கம் நல்ல வெயிலில் 14 ஆம்பியர் பக்கம் போகிறது. இது மடை செய்கிற வேலை இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டு வகையும் உட்காரும் இடம் ஒன்றுதான், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில். மாட்டுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டியது அந்த இடம். உள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதை முன்னால் ஒரு அடைமொழி சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம். பி.டபிள்யூ.எம்.முக்குத் ‘துடிப்பு மின்மடை’, எம்.பி.பி.டி.க்கு ‘உச்சந்தேடி மின்மடை’. பேச்சில் சுருங்கினால் ‘மடை’ என்று சுருங்கும், ‘உச்சந்தேடி’ என்று சுருங்கும், இரண்டில் எதையும் இன்வெர்ட்டர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ‘மாற்றி’ என்ற ஈற்றை இன்வெர்ட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

தொடர் இணைப்பு ஏன் என்று கேட்டவருக்கு: கூரையிலிருந்து மடைக்கு வயர் 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 4 சதுர மில்லிமீட்டர் வயரில் இரண்டு பேனலையும் இணையாக, அதாவது பக்கம் பக்கமாகச் சேர்த்துப் போட்டால் 11 ஆம்பியர் ஓடி அரை வோல்ட் வயரிலேயே போய்விடும், தொடராகப் போட்டால் கால் வோல்ட்தான், அதுவும் 36 வோல்ட்டில். நிழல் விழுந்தால் கதை வேறு, மரத்தடியில் நிறுத்துகிறவர் என்றால் இணையாகப் போடுங்கள். நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து 5 பாகைக்குள் இருப்பதால் பேனலைச் சாய்க்க வேண்டியதில்லை, கூரையில் படுக்கையாக வைத்தாலே போதும். ஆனால் ஒட்ட வைக்காதீர்கள், அடியில் நாலு விரற்கடை காற்று போகட்டும், பேனல் சூடேறினால் தருவது குறையும்.

அப்புறம், ‘செம்பனை’யை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் எண்ணெய்ப்பனை என்று எழுதுகிறார்கள், இங்கே லாரி ஓட்டுபவர் முதல் ஆசிரியர் வரை செம்பனைதான். சின்னச் சொல், காதில் நிற்கிறது. மின்மடையும் அப்படி நிற்கும் என்று நம்புகிறேன்.

வரும் சனிக்கிழமை தம்பியின் வேனுக்குப் புது இன்வெர்ட்டர் வைக்கிறோம். அன்றைக்கு அவனுடைய சார்ஜ் கண்ட்ரோலர் பெட்டிமேல் இப்படி ஒரு சீட்டு ஒட்டப்போகிறேன்: “மின்மடை. மாட்டும்போது பேட்டரி முதலில், பேனல் பிறகு. கழற்றும்போது பேனல் முதலில்.” பேட்டரியைப் பார்த்துத்தான் அந்தப் பெட்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று கண்டுகொள்கிறது, அதனால்தான் இந்த வரிசை. பேட்டரிக்கும் மடைக்கும் நடுவே ஃபியூஸ், பேட்டரி முனையை ஒட்டியே.

இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் எழுதுங்கள், சீட்டை அதற்குப் பிறகுதான் அச்சடிப்பேன்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து