பொருள்: உலோகக்கலவை ஹைட்ரஜனை எடுப்பதும் விடுவதும் (அவசரம், நாளை அச்சுக்கு)

வணக்கம். ஹைட்ரஜன் சேமிப்பு பற்றிய பாடம் ஒன்று நாளை மாலை அச்சுக்குப் போகிறது. அணு எண்ணிக்கையில் ஒரு பங்கு லாந்தனமும் ஐந்து பங்கு நிக்கலும் சேர்ந்த கலவை, அறைவெப்பநிலையில் சில வளிமண்டல அழுத்தத்திலேயே ஹைட்ரஜனைத் தனக்குள் எடுத்துக்கொள்கிறது. அழுத்தத்தைக் குறைத்தாலோ சூடேற்றினாலோ திருப்பித் தருகிறது. இவ்விரண்டுக்கும் ஓர் இணைச்சொல் வேண்டும். வரைவில் 'உறிஞ்சுதல் – வெளியேற்றம்' என்று இருக்கிறது. மனம் ஒப்பவில்லை.
– மொ.

---

உறிஞ்சுதல் என்றால் மாணவர் பஞ்சைத்தான் நினைப்பார். இங்கே நடப்பது வேறு. மூலக்கூறு உலோகப் பரப்பில் இரண்டு அணுக்களாகப் பிரிகிறது, அவை படிகத்தின் இடைவெளிகளுக்குள் புகுந்து ஹைட்ரைடு என்ற உலோக–ஹைட்ரஜன் சேர்மம் உருவாகிறது, வெப்பம் வெளிப்படுகிறது. கலவையின் பருமன் ஏறத்தாழக் கால்பங்கு கூடும். மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினால் விரிசல் விட்டுப் பொடியாகிவிடும். பரப்போடு நின்றுவிடுவதற்குப் 'பரப்புக் கவர்ச்சி' உண்டு. ஆகவே இதற்கு 'உட்கவர்தல்'.
– ஆ.

---

ஆசிரியர் ஐயா, வெட்சியார் ஆநிரை கவர்ந்தால் தாமாகத் திருப்பித் தரமாட்டார்கள், கரந்தையார் வந்துதான் மீட்க வேண்டும். இங்கே வெப்பம்தான் கரந்தையாரா? 'உள்வாங்கல்' என்று எளிமையாகச் சொல்லலாமே. அப்படியே ஹைட்ரஜனையும் 'நீரகம்' ஆக்கிவிடுங்கள்.
– இ.

---

கடல் உள்வாங்கியது என்றால் பின்வாங்கியது என்று பொருள். ஏற்பதைச் சொல்லப்போய் விலகுவதைச் சொல்லிவிடுவோம். எங்கள் இலங்கைப் பாடநூல்களில் 'உறிஞ்சல்', 'புறத்துறிஞ்சல்' என்று நெடுங்காலமாகப் படித்து வருகிறோம். எவரும் பஞ்சைக் கண்டு மயங்கியதில்லை. 'ஐதரசன்' இருக்க 'நீரகம்' எதற்கு?
– ஈ.

---

நீரகப் போர் வேறு இழையில் நடக்கட்டும், தயவுசெய்து.
– மொ.

---

1866-இல் பல்லேடியம் தன் பருமனைப்போலப் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை விழுங்குவதைக் கண்ட தாமஸ் கிரகாம், 'அடைத்து வைத்தல்' என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்துதான் சொல் எடுத்தார். நாமும் 'அடை' என்ற வேருக்கே போகலாம். அடைதல், அடைத்தல், அடைகாத்தல், அடைக்கலம். 'அடைக்கொளல்' எப்படி?
– உ.

---

இதய அடைப்புபோல ஒலிக்கிறது. 'கொள்' வேர் போதும்: கொள்கலன், கொள்முதல். 'உட்கொள்ளல் – விடுப்பு' என்கிறேன்.
– ஊ.

---

ஹைட்ரஜனுக்கு எத்தனை நாள் விடுப்பு? இதில் தன்வினை, பிறவினையும் பார்க்க வேண்டும். லாந்தனம்–நிக்கல் கலவை எடையில் 1.4 விழுக்காடு அளவுக்கே ஏற்கிறது, ஆனால் அழுத்தம் தாழ்ந்தாலே விடுகிறது. மக்னீசியம் 7.6 விழுக்காடு ஏற்கும், 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றாமல் விடாது. முன்னது 'விடுதல்', பின்னது 'விடுவித்தல்'. இரண்டு சொற்கள் தேவை.
– இ.

---

தேவையில்லை. இரண்டுமே வெப்பம் கொள்ளும் வினைகள்தான். ஒரு மோல் ஹைட்ரஜனுக்கு முன்னதற்குச் சுமார் 30 கிலோஜூல், பின்னதற்குச் சுமார் 75. முன்னது சுற்றுப்புறத்து வெப்பத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. கிலோஜூலைப் பார்த்தா பிறவினை விகுதி சேர்ப்பது?
– ஆ.

---

நன்றி. நால்வர் தனிமடலில் ஒப்பியதால் 'உட்கொள்ளல் – விடுவித்தல்' என்று அனுப்புகிறேன். இணைச்சொல்லாக நிற்கிறது, வினையாகவும் வளைகிறது.
– மொ.

---

உட்கொள்ளல் மருந்துச்சீட்டுச் சொல். என் எதிர்ப்பு பதிவாகட்டும். உட்கொள்ளத் தேவைப்படும் அழுத்தம், விடுவிக்கும்போது உள்ளதைவிடக் கூடுதல். அந்த வேறுபாட்டுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? காந்தவியலின் 'தயக்கம்' என்றால் அதையும் ஏற்கமாட்டேன்.
– ஈ.

---

'தயக்கம்' என்றுதான் போட்டிருக்கிறேன்.
– மொ.