திறப்பைத் திருப்பினால் 'டிக்-டிக்-டிக்', எஞ்சின் அசையவில்லை

புல்லுக்காடு:
வணக்கம். ஒன்ராறியோவில் லின்ட்சேக்கு வெளியே ஒரு ஏக்கர் வளவு. ஏறியிருந்து ஓட்டும் புல்வெட்டி, ஒற்றைச் சிலிண்டர், 17.5 குதிரைவலு, வாங்கி 9 வருசம். ஒக்டோபரில் கொட்டிலுக்குள் விட்டது. இப்போது மே, புல்லு முழங்காலைத் தொடுகிறது. திறப்பைத் திருப்பினால் டிக்-டிக்-டிக் என்று விடாமல் அடிக்கிறதே தவிர எஞ்சின் சுற்றவில்லை. பற்றரி செத்துவிட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். அதே டிக்-டிக். ஃபியூஸ் எரியவில்லை. ஸ்ராட்டரை மாற்றவேணுமா?

மதவடி:
ஸ்ராட்டர்தான் அண்ணா. எனக்கும் இப்படித்தான் வந்தது. மாற்றினேன், சரி.

பழைய உழவு மெஷின்:
தம்பி, ஸ்ராட்டருக்குக் காசு குடுக்க முதல் கொஞ்சம் பொறுங்கோ. டிக் சத்தம் வருகிறதென்றால் சீற், பிரேக், பிளேட் பாதுகாப்புச் சுவிற்ச் மூன்றும் வழி விட்டுவிட்டன. அதில் ஒன்று மறித்தால் பெரும்பாலும் ஒரு சத்தமும் வராது. ஒரே ஒரு 'டிக்'கோடு நின்றால் சொலனொயிட்டின் (திறப்பைத் திருப்பியதும் பற்றரியை ஸ்ராட்டரோடு இணைக்கிற காந்தச் சுவிற்ச்) உள்முனை கருகியிருக்கலாம். விடாமல் அடித்தால் கதை வேறு. சொலனொயிட் இழுத்தவுடன் ஸ்ராட்டர் நூறு அம்பியருக்கு மேல் கேட்கும். அதைக் கொடுக்க வழியில்லாமல் வோல்ற் சரியும், சொலனொயிட் கைவிடும். பாரம் போனதும் வோல்ற் ஏறும், திரும்ப இழுக்கும். அந்த இழுபறிதான் உங்களுக்குக் கேட்கிற சத்தம். ஆகவே பற்றரி சோர்ந்திருக்கவேணும், இல்லாவிட்டால் கேபிள் பூட்டிய இடம் ஒன்று கெட்டிருக்கவேணும். மல்ரிமீற்றர் இருக்கோ?

புல்லுக்காடு:
இருக்கு அண்ணை. பற்றரி 12.7 காட்டுது.

பழைய உழவு மெஷின்:
சும்மா இருக்கும்போது காட்டும் 12.7ஐ வைத்து ஒன்றும் சொல்லேலாது. ஒருவர் திறப்பைத் திருப்பிப் பிடிக்க, பற்றரியின் ஈய முனைகளிலேயே அளந்து பாருங்கோ. 9க்குக் கீழே விழுந்தால் புதுப் பற்றரியானாலும் அதுதான் பிழை. அடுத்தது, ஒரு முனையைப் பற்றரியின் நெகற்றிவ்விலும் மற்றதை எஞ்சினில் பெயின்ற் இல்லாத ஒரு போல்ற்றிலும் வைத்து, திரும்பவும் திருப்பச் சொல்லுங்கோ. அரை வோல்ற்றைத் தாண்டக்கூடாது. கியர் நியூட்ரல், பிளேட் ஓஃப், கை கால் பெல்ற்றுக்குக் கிட்ட வேண்டாம்.

கொட்டில்:
சொலனொயிட்டின் இரண்டு பெரிய முனையையும் ஸ்குரூட்ரைவரால் தொட்டுப் பார்த்தால் அரை நிமிசத்தில் தெரிந்துவிடும்.

பழைய உழவு மெஷின்:
தெரியும்தான். ஆனால் அப்படித் தொட்டால் சுவிற்ச் எதையும் கேட்காமல் எஞ்சின் சுற்றும். கியரில் நின்றால் ஆள்மேலேயே ஏறிவிடும். மீற்றர் வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை.

புல்லுக்காடு:
மகளைச் சீற்றில் இருத்தி, பிரேக்கை மிதிக்க வைத்து அளந்தேன். பற்றரி முனைகளில் 12க்குக் கீழே இறங்கவே இல்லை. நெகற்றிவ்வுக்கும் எஞ்சினுக்கும் இடையில் எண் நிற்காமல் குதிக்கிறது, 8, 3, 9 என்று.

பழைய உழவு மெஷின்:
பிடித்துவிட்டீர்கள். பற்றரி 12இல் நிற்கிறதென்றால் ஸ்ராட்டருக்கு வேண்டிய மின்னோட்டம் அதிலிருந்து போகவில்லை. பற்றரி நெகற்றிவ்விலிருந்து சட்டத்துக்குப் போகிற எர்த் கேபிளில்தான் அடைப்பு. காருக்குப் போடும் ஜம்பர் கேபிளில் கறுப்பை மட்டும் எடுத்து, ஒரு பக்கம் பற்றரி நெகற்றிவ், மறுபக்கம் எஞ்சின் போல்ற். பிறகு திருப்புங்கோ.

புல்லுக்காடு:
ஒரே இழுப்பில் ஸ்ராட் ஆகிவிட்டது! நிற்பாட்டிப்போட்டு எர்த் கேபிளைத் தேடிப் போனேன். சீற்றுக்குக் கீழே, சட்டத்தில் பூட்டிய இடத்தில் எலிக்கூடு. கிழிந்த துணி, மேப்பிள் விதை, எனது பழைய கையுறையின் ஒரு விரல். எலி பனிக்காலம் முழுக்க அதிலேயே சலம் விட்டிருக்கு. போல்ற்றைக் கழற்றினால் கேபிளின் வளையம் பச்சையாகப் பூத்திருந்தது, கீழே சட்டம் துருப்பிடித்துக் கிடந்தது. மண்தாள் போட்டு வெள்ளிநிறம் தெரியும்வரை தேய்த்து, பல்லு வைத்த வாஷர் ஒன்று கொடுத்து இறுக்கினேன். இப்போது எர்த்தில் 0.2.

பழைய உழவு மெஷின்:
நல்லது. மேலே கொஞ்சம் கிறீஸ் பூசிவிடுங்கோ. எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 13.5இலிருந்து 14.5 வரை வருகிறதா என்றும் பாருங்கோ.

மதவடி:
அப்போ நான் மாற்றின ஸ்ராட்டர்?

பழைய உழவு மெஷின்:
அதை மாற்றும்போது எர்த் போல்ற்றையும் கழற்றிப் பூட்டினீர்களோ?

மதவடி:
ஓம்.

புல்லுக்காடு:
13.9 வருது அண்ணை. மழை வருமுன் வெட்டி முடிக்கவேணும், போயிட்டு வாறன்.