‘நிரூபித்தார்’, ‘சித்திரவதை’: இந்த விடைக்கு எத்தனை மதிப்பெண்?

வரலாறு வாத்தியார்:
விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். கேள்வி, 5 மதிப்பெண்: அறிவியல் புரட்சியில் கலிலியோவின் பங்கு. ஒரு பையன் எழுதியிருப்பது இது. “பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று கலிலியோ நிரூபித்தார். அதற்காகப் போப் அவரைச் சிறையில் அடைத்துச் சித்திரவதை செய்தார். அப்போதும் அவர், ஆனாலும் அது சுற்றத்தான் செய்கிறது என்றார்.”

‘நிரூபித்தார்’, ‘சித்திரவதை’ இரண்டையும் சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். பக்கத்து மேசை அறிவியல் ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டு “இதுல என்ன சார் தப்பு?” என்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.

கறுப்புச்சட்டை:
அஞ்சுக்கு அஞ்சு போடுங்க சார். 1633 ஜூன் 22. அறுபத்தொன்பது வயசுக் கிழவரை ரோமில் மண்டிபோட வச்சு, ‘பூமி நகருதுன்னு சொன்னதைச் சபிக்கிறேன், வெறுக்கிறேன்’னு வாசிக்க வச்சாங்க. சாகும்வரை வீட்டுக்காவல். இதுக்கு மேல என்ன சித்திரவதை வேணும்?

மணப்பாட்டுக்காரன்:
தம்பி, மனசுக்குப் பட்டதெல்லாம் வரலாறு ஆகாது. அவர் உடம்பில் யாரும் கை வைக்கவில்லை. விசாரணைக் காலத்தில் பெரும்பாலும் தங்கியது டஸ்கனித் தூதர் வீட்டில். தீர்ப்புக்குப் பிறகு சியன்னாவில் பேராயர் பிக்கலோமினி விருந்தாளிபோல வைத்திருந்தார். அப்புறம் ஃபிளாரன்ஸுக்குப் பக்கத்தில் ஆர்செத்ரியில் அவர் குடியிருந்த வீடு. கடைசி வரியும் கட்டுக்கதைதான். ‘ஆனாலும் சுற்றுகிறது’ என்று அவர் சொன்னதாக அச்சில் வந்தது 1757-இல், லண்டனில். அவர் இறந்தது 1642.

‘நிரூபித்தார்’ அதைவிடத் தப்பு. கர்தினால் பெல்லார்மின் 1615-இல் எழுதிய கடிதத்தில் என்ன சொல்கிறார்? உண்மையான நிரூபணம் இருந்தால் விவிலிய வசனங்களுக்கு நாம்தான் கவனமாக வேறு விளக்கம் தேட வேண்டும், ஆனால் அப்படி ஒன்றை எனக்கு யாரும் காட்டவில்லை என்கிறார். இதைவிட நியாயமாக ஒருத்தர் பேச முடியுமா?

வானம்பார்த்தவள்:
நிரூபணம் பற்றி அண்ணாச்சி சொல்வது சரிதான். தொலைநோக்கி வைத்திருப்பவள் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு நிலாக்கள். அந்த வருடக் கடைசியில் வெள்ளிக்கும் நிலா மாதிரி பிறை, முழுமை எல்லாம் உண்டு என்று கண்டது. இந்த இரண்டாவது, தாலமியின் பழைய பூமி மையக் கணக்கை அடித்து நொறுக்கியது. ஆனால் அதனால் சூரியன்தான் மையம் என்ற கோப்பர்நிக்கஸ் ஜெயித்துவிடவில்லை. நடுவில் டைக்கோ பிராஹி என்ற வானியலாளர் இருந்தார். கோள்கள் எல்லாம் சூரியனைச் சுற்றட்டும், சூரியன் அவற்றை இழுத்துக்கொண்டு பூமியைச் சுற்றட்டும் என்றார். வெள்ளியின் பிறை இந்தக் கணக்கிலும் சரியாகவே வரும்.

கட்டைவிரலை நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், விரல் நகர்வதுபோல் தெரியும். பூமி நகர்ந்தால் நட்சத்திரங்களும் அப்படி இடம் மாறித் தெரிய வேண்டும். யார் பார்த்தும் தெரியவில்லை. அவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்பதுதான் காரணம். அந்தச் சின்ன இடமாற்றத்தை வானியலாளர் பெசல் அளந்தது 1838-இல்தான்.

கலிலியோ தன் துருப்புச்சீட்டு என்று நம்பியது கடல் ஏற்றவற்றத்தை. பூமி அசைவதால் கடல் தளும்புகிறதாம். அவர் கணக்குப்படி ஒரு நாளைக்கு ஓர் ஏற்றம்தான் வர வேண்டும். வருவது இரண்டு. நிலாதான் காரணம் என்ற வானியலாளர் கெப்ளரைச் சின்னப்பிள்ளைத்தனம் என்று ஒதுக்கினார். மணப்பாட்டுக் கடற்கரையில் வலை காயப்போடுகிற யாரைக் கேட்டிருந்தாலும் நிலாவைத்தான் சொல்லியிருப்பார்கள்!

கறுப்புச்சட்டை:
அம்மா, பாடம் பிரமாதம். ஆனா அண்ணாச்சி கடிதத்துல பாதியை மட்டும் படிச்சுக் காட்டுறாரு. அதே கடிதத்துல பெல்லார்மின் இன்னொண்ணும் சொல்றாரு. ஆபிரகாமுக்கு ரெண்டு பிள்ளைங்கிறதை மறுக்கிறது, கன்னி வயிற்றில் கிறிஸ்து பிறந்ததை மறுக்கிற மாதிரியே மதவிரோதம். ரெண்டையும் சொன்னது தூய ஆவிதானாம். அதாவது வசனத்துல எது இருந்தாலும், வானியலே ஆனாலும், அது விசுவாசக் கணக்குதான்.

1616-ல திருச்சபை விசாரணை மன்றத்து இறையியலாளர்கள் ‘ஆதாரம் போதாது, போய்க் கொண்டுவா’ன்னா எழுதினாங்க? சூரியன் அசையாம நிக்குதுங்கிறது தத்துவப்படி அபத்தம், முறைப்படி மதவிரோதம்னு எழுதினாங்க. கோப்பர்நிக்கஸ் புத்தகத்தைத் திருத்துறவரைக்கும் நிறுத்தி வச்சாங்க. பெல்லார்மின்கிட்ட அந்தக் கடிதத்தை வாங்கின ஃபோஸ்கரினி, கோப்பர்நிக்கஸை ஆதரிச்சு எழுதின கார்மேல் சபைத் துறவி, உங்க ஆளு. அவர் புத்தகத்துக்கு முழுத் தடை. அவருக்கு என்ன ஏற்றவற்றக் கணக்கு தப்பிச்சு?

சித்திரவதைக்கு வாரேன். 1633 ஜூன் 21 விசாரணையில ‘உண்மையைச் சொல்லு, இல்லைன்னா சித்திரவதை’ன்னு மிரட்டினது அவங்க பதிவுலயே இருக்கு.

மணப்பாட்டுக்காரன்:
மிரட்டல் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஃபோஸ்கரினி விஷயத்திலும் என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இதை மதம், அறிவியல் என்று இரண்டு கட்சியாகப் பிரித்தால் பாதி ஆட்கள் கணக்கில் வர மாட்டார்கள். கோப்பர்நிக்கஸே பேராலயக் குருமன்றத்தில் இருந்தவர், 1543-இல் புத்தகத்தைக் காணிக்கையாக்கியது பாப்பரசர் மூன்றாம் பவுலுக்கு. 1611-இல் கலிலியோவுக்கு விழா எடுத்தது ரோமில் இருந்த இயேசு சபைக் கல்லூரி. விசாரணை நடந்தபோது பாப்பரசராக இருந்த எட்டாம் அர்பன், அந்தப் பதவிக்கு வரும் முன்பே கலிலியோவுக்கு வேண்டியவர். அந்த நண்பர் முன்வைத்த வாதத்தைக் கொண்டுபோய், கலிலியோ தன் 1632 நூலில் சிம்பிளிச்சியோ என்ற மண்டு பாத்திரத்தின் வாயில் வைத்தால் என்ன ஆகும்? அதுவும் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் முப்பதாண்டுப் போர் நடக்கும்போது, மதவிரோதிகளிடம் இளக்காரமாக இருக்கிறார் என்று ஸ்பெயின் தரப்புக் கர்தினால் போர்ஜா அர்பனை நேருக்கு நேர் தாக்கிய அதே வருடம்! தீர்ப்பில் பத்துக் கர்தினால்களில் மூவர் கையெழுத்தே போடவில்லை. அதில் ஒருவர் அர்பனின் சொந்த அண்ணன் மகன்.

நம் பக்கத்துக்கே வருகிறேன். 1689 டிசம்பரில் பாண்டிச்சேரியில் வால்மீன் பார்த்துக்கொண்டிருந்த ரிஷோ என்ற இயேசு சபைக் குருதான், ஆல்ஃபா செண்டாரி ஒற்றை நட்சத்திரமல்ல, இரட்டை என்று கண்டவர்.

கறுப்புச்சட்டை:
ரிஷோ எண்ணினாரு, யாரும் தடுக்கலை. நட்சத்திரம் ஒண்ணா ரெண்டான்னு விவிலியத்துல இல்லையே அண்ணாச்சி! சிநேகிதன் கிண்டல் பண்ணான்னு கோவம் வரும், நியாயம். அந்தக் கோவத்துக்கு நீதிமன்றமும் தடைப்பட்டியலும் கையில இருந்துச்சு பாருங்க, அதைத்தான் சொல்றேன். கலிலியோ சேதி கேட்டதும் தத்துவவாதி டெக்கார்ட் அச்சுக்குப் போக வேண்டிய கைப்பிரதியைப் பூட்டி வச்சாரே, அவரு எந்தப் போப்பைக் கிண்டல் பண்ணாரு?

வானம்பார்த்தவள்:
இந்த இடத்தில் நான் கறுப்புச்சட்டை பக்கம். 1633-இல் ஆதாரம் போதாது, சரி. 1728-இல் வானியலாளர் பிராட்லி நட்சத்திர ஒளியின் சிறு விலகலைக் கண்டு பூமி நகர்வதைக் காட்டிவிட்டார். கலிலியோ நூலின் பெயர் இல்லாமல் தடைப்பட்டியல் அச்சானது 1835-இல். நடுவில் நூறு வருடத்துக்கு மேல். அதற்குப் பெல்லார்மின் கடிதத்தைக் காட்ட முடியாது.

மணப்பாட்டுக்காரன்:
அந்த நூறு வருடத்துக்கு நான் வக்கீல் இல்லை.

வரலாறு வாத்தியார்:
மூன்றரை போட்டுவிட்டேன். ‘நிரூபித்தார்’ மேல் ‘வாதிட்டார்’ என்றும், ‘சித்திரவதை’க்குப் பக்கத்தில் ‘மிரட்டல்’ என்றும் எழுதியிருக்கிறேன். ‘சிறை’யைத் தொடவில்லை.

அடுத்த தாளில் ஒரு பெண் கலிலியோவை எரித்தே விட்டாள். 1600-இல் எரிக்கப்பட்ட புரூனோவோடு குழப்பிக்கொண்டிருக்கிறாள். புரூனோவுக்குத் தனித் திரி திறக்கட்டுமா?

கறுப்புச்சட்டை:
திறங்க சார், டீ குடிச்சுட்டு வாரேன்.