மறு: கடைக்குப் போன் போட உதவும் க்யூஆர் கோடு – தமிழில் என்ன?

நண்பர்களுக்கு வணக்கம், கேமராவைக் காட்டினால் கடையின் போன் எண்ணைத் தரும் க்யூஆர் கோடைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்ற கேள்விக்கு ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'விரைவு எதிர்வினைக் குறியீடு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதன் முன்னால் 'அழைப்பு' என்று சேர்த்தால் போதும்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாஹிரோ ஹராவின் குழு கார் உதிரி பாகங்களைக் கண்காணிக்க க்யூஆர் கோடை உருவாக்கியபோது, பட்டைக்குறியைவிட (பார்கோடு) வேகமாகப் படிக்கலாம் என்பதுதான் பெரிய விஷயம், அதனால் 'குயிக் ரெஸ்பான்ஸ்', அதாவது விரைவு எதிர்வினை, என்று பெயர் வைத்தார்கள்; அதன் சுருக்கம்தான் க்யூஆர். இன்றைக்கு டீக்கடையில் அதைப் பார்க்கிறவருக்கு விரைவும் தெரியாது, எதிர்வினையும் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது கட்டம். பட்டையாக இருந்ததைப் பட்டைக்குறி என்றோம், கட்டமாக இருப்பதைக் கட்டக்குறி என்போம். அவ்வளவுதான்.

அப்புறம் 'தானழைப்பி' என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அது தானாக அழைப்பதில்லை. தண்ணீர் கேன் மேல் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இருப்பது 'டெல்' என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, கூட்டல் குறியோடு 91, பிறகு பத்து இலக்க எண், ஆக மொத்தம் 17 எழுத்து. கேமராவைக் காட்டினால் டயல் திரையில் எண் வந்து நிற்கும், பச்சைப் பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். அந்த நிறுத்தம் நல்லது, யாரோ மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எண்ணைப் பார்த்துச் சுதாரித்துக்கொள்ளலாம். இதை மறைக்கிற பெயர் வேண்டாம்.

இங்கே வந்த இன்னொரு சொல்லான 'அழைகுறி' எனக்கும் ரொம்பப் பிடித்தது. வினைத்தொகை, சின்னச் சொல், வாயில் நிற்கும். ஆனால் பொழுதுபோக்காக வானலையில் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் வியூ2, வியூ3 என்று தொடங்கும் தங்கள் நிலைய அடையாளத்தை அழைப்புக்குறி என்கிறார்கள், இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பம்தான்.

ஆகவே என் முன்மொழிவு அழைப்புக் கட்டக்குறி. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குடும்பமாக வளரும்: பணக் கட்டக்குறி, வைஃபைக் கட்டக்குறி, முகவரிக் கட்டக்குறி. கடைப் பலகையில் இவ்வளவும் எழுத வேண்டாம், 'அழைக்க' என்று மேலே போட்டுக் கீழே எண்ணையும் அச்சிட்டால் சரி, பட்டன் போன் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்களே.

உள்ளுறுப்புகளுக்கும் சொல் வேண்டும். மூலையில் இருக்கும் மூன்று பெரிய சதுரங்களுக்கு 'மூலைக்கண்' என்கிறேன், கேமரா அவற்றை வைத்துத்தான் குறி எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. கேனில் ஈரம் பட்டுத் தேய்ந்தாலும் படிக்க வைக்கிற திறனுக்குப் 'பிழைமீட்பு'. அதன் நான்கு நிலைகளில் உச்ச நிலையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை சிதைந்தாலும் தகவலை மீட்கலாம், ஆனால் மூலைக்கண்ணே கிழிந்துவிட்டால் அந்த மீட்பு உதவாது.

மூலைக்கண்ணுக்கு யாரிடமாவது இதைவிட நல்ல சொல் இருக்கிறதா? 'கண்' வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.