இஎல்84 சிங்கிள் எண்டட் ஆம்ப்ளிஃபையருக்கு எந்த அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எடுப்பது?

இழைச்சூடு:

வணக்கம் நண்பர்களே. சேனலுக்கு ஒரு இஎல்84 பவர் வால்வு வைத்து சிங்கிள் எண்டட் (ஒரே வால்வு முழு அலையையும் தள்ளும்) ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் கட்டிக்கொண்டிருக்கிறேன். முன்னால் ஒரு இசிசி83 (ஒரே குமிழுக்குள் இரட்டைச் சின்ன வால்வு), சேனலுக்குப் பாதி. பி பிளஸ் (வால்வுக்குப் போகும் உயர் டிசி) 265 வோல்ட், சோக் போட்டு வடிகட்டியது. ஸ்பீக்கர் 8 ஓம். சேஸிஸில் ஓட்டை போடும் வேலை வரை வந்துவிட்டு, வால்வையும் ஸ்பீக்கரையும் இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் நிற்கிறேன்.

டேட்டா ஷீட்டில் 250 வோல்ட், 48 மில்லி ஆம்பியர், லோடு 5.2 கிலோ ஓம், 5.7 வாட் என்று இருக்கிறது. 5200-ஐ 8-ஆல் வகுத்தால் 650. அதன் வர்க்கமூலம் 25.5. என்னிடம் 230 வோல்ட்டை 9 வோல்ட்டாக்கும் டொராய்டு மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு கிடந்தன. 230-ஐ 9-ஆல் வகுத்தால் 25.6. கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்துகிறதே என்று பலகையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். சத்தம் வந்தது, ஆனால் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி. பேஸ் அடியோடு இல்லை. கொஞ்சம் ஏற்றினாலே கரகரப்பு. வால்வை மாற்றினேன், கப்ளிங் கெபாசிட்டரை மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை.

இப்போது இரண்டு வழி இருக்கிறது. பழைய வால்வு ரேடியோக்களிலிருந்து கழற்றிய சின்ன அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஜோடி கையில் இருக்கிறது. லேபிள் இல்லை, உள்ளங்கையில் அடங்கிவிடும். இல்லாவிட்டால் புதிதாகச் சுற்றித் தருபவரிடம் வாங்கலாம். அவர் பட்டியலில் ‘5 கே, 10 வாட், 60 மில்லி ஆம்பியர், சிங்கிள் எண்டட்’ என்று ஒன்றும், ‘8 கே, 15 வாட், புஷ்புல்’ என்று ஒன்றும் இருக்கின்றன. புஷ்புல்லில் (இரண்டு வால்வு மாறி மாறித் தள்ளும் வகை) வாட்டும் கூட, எடையும் கூட. சென்டர் டேப்பை (சுற்றின் நடுவில் எடுத்த இணைப்பு) தொடாமல் அதையே சிங்கிள் எண்டடுக்குப் போட்டால் என்ன? விகிதம் மட்டும் சரியாக இருந்தால் போதாதா?

மின்மினி:

டொராய்டு சோதனையின்போது ஸ்பீக்கர் கழன்றுபோகாமல் இருந்ததே நல்லது. இஎல்84 மாதிரி பென்டோடு (ஐந்து மின்முனை வால்வு) ஓடும்போது செகண்டரியில் (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) லோடு இல்லாவிட்டால் ப்ரைமரியில் (வால்வு பக்கச் சுற்று) வோல்டேஜ் எகிறி, இன்சுலேஷனோ வால்வு சாக்கெட்டோ தீப்பொறி விட்டுப் போய்விடும். எந்த டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் ஸ்பீக்கர் டெர்மினலில் 220 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக சால்டர் செய்துவிடுங்கள். மற்றதைத் தாமிரக்கம்பி ஐயா வந்து சொல்வார்.

தாமிரக்கம்பி:

தம்பி, டொராய்டை முதலில் எடுத்து வையுங்கள். உங்கள் கணக்கில் தப்பில்லை. கணக்கு பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

‘5 கே டிரான்ஸ்ஃபார்மர்’ என்று நாம் சொல்வது ஒரு வசதிக்குத்தான். உள்ளே 5 கே என்று ஒரு பொருள் கிடையாது, சுற்று விகிதம்தான் இருக்கிறது. ஸ்பீக்கரின் ஓம் அந்த விகிதத்தின் வர்க்கத்தால் பெருகி வால்வுக்குத் தெரிகிறது. அதே டிரான்ஸ்ஃபார்மரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் வால்வு பார்ப்பது 2.6 கே. 8 ஓம் ஸ்பீக்கரும் எந்நேரமும் 8 ஓமாக இருப்பதில்லை. ரெசொனன்ஸில் 30, 40 ஓம் வரைகூடப் போகும். அதனால் 5 கேயா 5.2 கேயா என்று தூக்கம் கெட வேண்டாம். பத்து சதவீதம் இப்படி அப்படி இருந்தால் காதுக்குத் தெரியாது.

காதுக்குத் தெரிவது கோர், அதாவது உள்ளே இருக்கும் இரும்பு. சிங்கிள் எண்டடில் அந்த 48 மில்லி ஆம்பியர் டிசி ஒரே திசையில் ப்ரைமரி வழியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. பாட்டு ஆரம்பிக்கும் முன்பே இரும்பு பாதி நிரம்பிவிட்டது. புஷ்புல்லில் இரண்டு பாதிச் சுற்றிலும் டிசி எதிரெதிராக ஓடுவதால் அந்தக் காந்தம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதனால் அங்கே கோரை இடைவெளி இல்லாமல் இறுக்கி அடுக்குவார்கள். சிங்கிள் எண்டடில் வேண்டுமென்றே ஏர் கேப் விடுவார்கள், டிசி கோரை நிரப்பிவிடாமல் இருக்க. டொராய்டில் காந்தப் பாதை முறிவே இல்லாத வளையம். சில மில்லி ஆம்பியர் டிசிக்கே மூச்சுத் திணறும், நீங்கள் 48 கொடுத்தீர்கள். தகர டப்பாச் சத்தம் அதுதான். புஷ்புல் டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டாலும் இதே கதைதான், கொஞ்சம் தணிந்து நடக்கும். எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

உங்கள் ரேடியோ டிரான்ஸ்ஃபார்மரை வெளிச்சத்தில் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். ஈ வடிவத் தகடுகள் எல்லாம் ஒரே பக்கம், ஐ தகடுகள் எல்லாம் எதிர்ப் பக்கம் என்று இருந்தால், இரண்டும் சேரும் இடத்தில் அடுக்கின் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோடு தெரியும். அந்தக் கோட்டுக்குள் பழுப்புக் காகிதத்தின் விளிம்பு மெலிதாகத் துருத்திக்கொண்டிருக்கும். அந்தக் காகிதம்தான் ஏர் கேப். தகடுக்குத் தகடு கோடு இடம் மாறி மாறி வந்தால் அது இடைவெளி இல்லாத கோர்.

அடுத்தது இண்டக்டன்ஸ், ஹென்றியில் அளப்பது. புதியவர்கள் கேட்காமல் விடுவது இதைத்தான். ப்ரைமரி இண்டக்டன்ஸ் லோடுக்குப் பக்கத்தில் இணையாக உட்கார்ந்திருக்கிறது. ஃப்ரீக்வென்சி இறங்க இறங்க அது சிக்னலைத் தின்ன ஆரம்பிக்கும். பென்டோடாக ஓடும் இஎல்84-இன் உள் ரெசிஸ்டன்ஸ் 38 கே. 5.2 கே லோடோடு இணையாகப் போட்டால் ஏறக்குறைய 4.6 கே. ப்ரைமரி 10 ஹென்றி என்றால் 73 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் விழுந்துவிடும். ஃபீட்பேக் (அவுட்புட்டில் கொஞ்சத்தை முன்னால் திருப்பிக் கொடுப்பது) போட்டால் அந்தப் புள்ளி கீழே இறங்கும், ஆனால் ஃபீட்பேக் கோரைப் பெரிதாக்காது. ஃப்ரீக்வென்சி பாதியானால் அதே வோல்டேஜுக்கு இரும்பில் ஃபிளக்ஸ் இரட்டிப்பு. 40 ஹெர்ட்ஸில் 8 வாட் தாங்கும் கோர் 20 ஹெர்ட்ஸில் 2 வாட்தான் தாங்கும். பட்டியலில் ‘10 வாட்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது பாதித் தகவல். எத்தனை ஹெர்ட்ஸில் 10 வாட் என்று கேளுங்கள். 60 மில்லி ஆம்பியர் ஓடும்போது எத்தனை ஹென்றி என்றும் கேளுங்கள். டிசி இல்லாமல் அளந்த ஹென்றி உங்களுக்கு உதவாது.

நான் முதன்முதலில் கட்டியது 6வி6 வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று. ரேடியோ டிரான்ஸ்ஃபார்மர்தான் போட்டேன். குரல் அவ்வளவு நன்றாக இருந்தது, மாதக்கணக்கில் அதையே கேட்டேன். ஒரு ரெக்கார்டில் டபுள் பேஸ் தனியாக வாசிக்கும் இடம் வரும். தந்தியை விரல் சுண்டும் ‘டக்’ மட்டும் கேட்கும், பின்னால் ஸ்வரம் இருக்காது. ரெக்கார்டிங்கே அப்படித்தான் என்று நம்பியிருந்தேன். அப்புறம் நானே பெரிய கோரில், கேப் விட்டு, ப்ரைமரியை மூன்று பாகமாகப் பிரித்து நடுநடுவே செகண்டரி வைத்துச் சுற்றிய ஜோடியை மாட்டினேன். அதே ரெக்கார்ட், அதே வால்வு. ‘டக்’குக்குப் பின்னால் ஒரு முழு ஸ்வரம் அறைக்குள் வந்து நின்றது. அன்றைக்கு இரவு முழுக்க பழைய ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

என் தேர்வு 5 கே, 60 மில்லி ஆம்பியர் சிங்கிள் எண்டட். ஆனால் கையிலிருப்பதை அளக்காமல் ஒதுக்க வேண்டாம். ப்ரைமரியில் 12 வோல்ட் ஏசி கொடுத்து செகண்டரியில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். மறந்தும் செகண்டரியில் கொடுத்துவிடாதீர்கள், ப்ரைமரியில் நானூறு வோல்ட் நிற்கும். செகண்டரியைத் திறந்து வைத்து, ப்ரைமரி இழுக்கும் கரண்டையும் மில்லி ஆம்பியரில் குறித்துக்கொள்ளுங்கள். ஓம் மீட்டரால் ப்ரைமரியை அளக்கும்போது முனைகளை விரலால் பிடிக்காதீர்கள். மீட்டரை எடுக்கும் அந்த நொடியில் சுருள் சுருக்கென்று கடிக்கும்.

முக்கோணன்:

ஐயா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பென்டோடாகத்தான் ஓட்ட வேண்டும் என்று யார் சொன்னது? ஸ்க்ரீனை (வால்வின் இரண்டாவது கிரிட்) 100 ஓம் வழியாக ஆனோடில் கட்டி ட்ரையோடாக (மூன்று மின்முனை வால்வு மாதிரி) ஓட்டிப் பாருங்கள். உள் ரெசிஸ்டன்ஸ் 2 கே அளவுக்கு இறங்கிவிடும். அப்போது அதே 10 ஹென்றியில் 3 டெசிபல் புள்ளி 23 ஹெர்ட்ஸுக்குப் போகும். ஸ்பீக்கரின் ஆட்டத்தையும் வால்வே பிடித்து நிறுத்தும். பவர் 2 வாட்தான் வரும். ஒரு சின்ன அறையில் சென்சிடிவிட்டி நல்ல ஸ்பீக்கருக்கு 2 வாட் போதும் என்பது என் அனுபவம். 5.7 வாட் என்று டேட்டா ஷீட் சொல்வது 10 சதவீத டிஸ்டார்ஷனில், அதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. பின்னால் புஷ்புல் கட்டும் எண்ணம் வந்தால் பொது அறிவிப்பு ஸ்பீக்கர்களில் வரும் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 10,000-ஐ வாட்டால் வகுத்தால் அந்த டேப்பின் ஓம். 1.25 வாட் டேப் 8 கே, 5 வாட் டேப் 2 கே. ஓம் நாலில் ஒன்று என்றால் சுற்று பாதி. அதாவது 5 வாட் டேப்தான் நடுப்புள்ளி! 8 கே ஆனோடு டு ஆனோடு, சென்டர் டேப்போடு தயார். 300 வோல்ட் டிசிக்கான இன்சுலேஷன் அதில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு மட்டும் போடுங்கள். சிங்கிள் எண்டடுக்கு இதுவும் ஆகாது, கேப் கிடையாது.

இழைச்சூடு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து அளந்தேன். ரேடியோ டிரான்ஸ்ஃபார்மரில் நேர்க்கோடும் பழுப்புக் காகிதமும் அப்படியே தெரிகின்றன. டார்ச் அடித்துப் பார்த்தபோது நகக்கண் அகலத்துக்குக் காகிதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

ப்ரைமரியில் 11.9 வோல்ட் கொடுத்தேன், செகண்டரியில் 0.33 வோல்ட். விகிதம் 36. வர்க்கம் 1300. அதாவது 4 ஓம் ஸ்பீக்கருக்கு 5.2 கே, என் 8 ஓமுக்கு 10.4 கே! ப்ரைமரி இழுத்தது 5.4 மில்லி ஆம்பியர். 50 ஹெர்ட்ஸில் கணக்குப் போட்டால் 7 ஹென்றி வருகிறது. ப்ரைமரி டிசி ரெசிஸ்டன்ஸ் 520 ஓம். இந்த ஜோடி என் ஸ்பீக்கருக்கு ஆகாது என்று தெரிந்துவிட்டது.

சுற்றுபவரிடமும் கேட்டேன். 60 மில்லி ஆம்பியர் ஓடும்போது 14 ஹென்றி, 10 வாட் 40 ஹெர்ட்ஸில், ப்ரைமரி 320 ஓம் என்றார். ஆர்டர் சொல்லிவிட்டேன், சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

தாமிரக்கம்பி:

கேட்டதும் எண்ணைச் சொல்கிறார் என்றால் அளந்து சுற்றுபவர். நல்ல ஜோடி வரும்.

ஒரு கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 320 ஓமில் 48 மில்லி ஆம்பியருக்கு 15 வோல்ட் போகும், கேத்தோடு ரெசிஸ்டரில் 7 போகும். 265-இல் மிச்சம் 243. அதை 48 மில்லி ஆம்பியரால் பெருக்கினால் 11.7 வாட். இஎல்84-இன் ஆனோடு வரம்பு 12. ரொம்ப ஒட்டி நிற்கிறது. கேத்தோடு ரெசிஸ்டரை 135 ஓமுக்குப் பதில் 150 ஓம் போடுங்கள், வால்வு நீண்ட நாள் உழைக்கும்.

சேஸிஸில் ஓட்டை போடும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள், உயர் வோல்டேஜ், ஹீட்டர் சுற்றுகளின் முனைகளை இன்சுலேஷன் செய்துவிட்டு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் ஹெட்ஃபோனை மாட்டுங்கள், வேறு எந்த இணைப்பும் வேண்டாம். இரண்டையும் வெறும் சேஸிஸ் தகட்டின் மேல் வைத்து, அவுட்புட்டை மெல்லத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். ஹம் ஏறும், இறங்கும். ஒரு கோணத்தில் கிட்டத்தட்ட காணாமல் போகும். அங்கே பென்சிலால் கோடு போட்டுவிட்டு ஓட்டை போடுங்கள். ஃபீட்பேக் இணைத்ததும் ஊளையிட்டால் பயப்பட வேண்டாம். உடனே அணைத்து, கெபாசிட்டர்கள் வடிந்ததை மீட்டரில் பார்த்துவிட்டு, ப்ரைமரியின் இரண்டு முனைகளை இடம் மாற்றிப் போடுங்கள்.

இழைச்சூடு:

ஐயா, ஜோடி வந்துவிட்டது. ஹெட்ஃபோன் சோதனை செய்தேன். இடது டிரான்ஸ்ஃபார்மர் மெயின்ஸுக்குச் செங்குத்தாக வைத்ததும் அமைதியாகிவிட்டது. வலது மட்டும் செங்குத்தில் லேசாக முனகியது, இன்னும் ஒரு விரற்கடை தள்ளி, கொஞ்சம் சாய்த்துத் திருப்பியதும் ஹம் அடங்கியது. பார்வைக்கு இரண்டும் ஒரே வரிசையில் இருக்காது, பரவாயில்லை. இரண்டு இடத்திலும் பென்சில் கோடு போட்டாயிற்று. நாளைக்கு டிரில்.