சாயங்கால வெயிலைப் பார்க்காமல் வீடு வாங்கினோம்: உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்

மறைமலைநகர்க்காரன்:
கட்டி முடித்த வீடு, கிழக்குப் பார்த்த வாசல், பெரிய படுக்கையறை கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில். வாஸ்துப்படி எல்லாம் சரி என்று வீட்டில் அத்தனை பேருக்கும் திருப்தி. தை மாசம், காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தோம். அறைக்குள் நல்ல குளிர்ச்சி. அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

சித்திரை பிறந்ததும் தெரிந்தது. மேற்கே காலி மனை, ஒரு மரம்கூட இல்லை. மூணு மணிக்குச் சுவரில் ஏறுகிற வெயில் ஆறு மணி வரைக்கும் இறங்காது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், சூட்டைக் குடித்துக் குடித்து ராத்திரியில்தான் உள்ளே விடும். ஒருநாள் ராத்திரி பத்து மணி, கரண்ட் போயிருந்தது. அம்மா கட்டிலை ஒட்டின சுவரில் கை வைத்துவிட்டு, "அடுப்ப அணைச்சும் தோசைக்கல்லு ஆறாத மாதிரி இருக்குடா" என்றார். வீடு பார்த்த அன்று "சாயங்காலம் ஒரு தரம் வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாமே" என்று கேட்டதும் அம்மாதான். தரகர் காத்திருக்கிறார் என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

கிணத்துக்கடவு:
உங்களுக்கு வெயில், எங்களுக்குக் காற்று. மேற்குக் காற்று புகுந்து வருகிற பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கிற ஊர் என்பது பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தும் மேற்குப் பார்த்த வீட்டை மாசி மாசத்தில் பார்த்து வாங்கினோம். அப்போது இலைகூட அசையவில்லை.

வைகாசி முடியும்போது ஆரம்பித்தது. வாசல் கதவைத் திறந்தால் உள்கதவு எல்லாம் படார் படார் என்று அடிக்கும். சாரல் வாசப்படி தாண்டிக் கூடத்துக்கு வரும். ஆடி வெள்ளி அன்று மாமியார் வாசல் மாடத்தில் விளக்கு வைக்கப் போனார். ஏற்றினார், அணைந்தது. மறுபடி ஏற்றினார், அணைந்தது. அப்புறம் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு, திரி எரிகிற வரைக்கும் காற்றுக்கு முதுகு காட்டி அப்படியே நின்றார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாசலுக்கு முன்னால் தடுப்புச் சுவர் எடுத்தது அதற்கு அடுத்த வாரம்.

வடபழனி வாசகி:
நான் வாங்காமல் விட்ட கதை. கிழக்குப் பார்த்த வீடுதான் வேணும் என்று ரெண்டு வருஷம் அலைந்தோம். நங்கநல்லூர் பக்கம் ஒரு பழைய வீடு, பத்திர நகல் மட்டும் முதலில் வந்தது. நான்கெல்லையில் "தென்வடல் 30 அடி ரோட்டுக்கு மேற்கு" என்று இருந்தது. மேற்கு என்று பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நேரில்கூடப் போகவில்லை.

ரோட்டுக்கு மேற்கு என்றால் மனை ரோட்டுக்கு மேற்கே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது ரோடு மனைக்குக் கிழக்கே, வாசலும் கிழக்கே! பல மாசம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு விடியற்காலையில் அந்தத் தெரு வழியாகப் போனோம். அந்த வீட்டு வாசல் திறந்திருந்தது. வெயில் நேராக உள்ளே போய்க் கூடத்தின் கடைசிச் சுவரில் மஞ்சளாக விழுந்திருந்தது. கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

திருச்சி உறையூர்:
எதற்கு இத்தனை குழப்பம்? வடக்குப் பார்த்து வாங்குங்க. வடக்குச் சுவரில் வெயிலே படாது. தெற்குப் பார்த்தது மட்டும் வேண்டவே வேண்டாம்.

மடிப்பாக்கம் பெரியவர்:
உறையூர் தம்பி, கோபிக்க வேண்டாம், இதை அப்படியே விட முடியாது. வடக்குச் சுவரில் வெயிலே படாது என்பது டெல்லியில் உச்சி வேளைக்குச் சரி. நாம் இருப்பது பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அதிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கேதான். ஜூனில் அஸ்தமனம் நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி வடக்கே தள்ளி. அக்னி நட்சத்திரத்தில் வடக்குச் சுவரும் காலையிலும் மாலையிலும் வெயில் குடிக்கும். திருச்சியிலும் இதேதான், தேதி மட்டும் சில நாள் மாறும்.

தெற்கு வெயில் மார்கழியில்தான் அதிகம். அப்போதும் சென்னையில் நண்பகல் சூரியன் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். ரெண்டடி சன்ஷேடு போட்டால் நாலடி ஜன்னலில் பாதிக்கு மேல் நிழல். மாலை நாலரை மணி மேற்கு வெயில் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து வரும். அதற்கு மரமோ மூங்கில் தட்டியோ வேணும்.

என் வீடு தெற்குப் பார்த்ததுதான். ரெண்டு பேர் பார்த்துவிட்டுத் தெற்கு வாசல் வேண்டாம் என்று போன பிறகு வாங்கினேன். மத்தியானத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடல் காற்று முன் ஜன்னலில் வரும். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.

வீடு பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. போன் திசைகாட்டியை இரும்பு கேட்டுக்கும் காருக்கும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், கம்பி போட்ட தூணை ஒட்டியும் வேண்டாம். முள் எங்கேயோ காட்டும். தெருவில் பத்து இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். காலி மனை என்றால் பழைய கொத்தனார் வழி இருக்கிறது. நேராக ஒரு குச்சி நட்டு, அதைச் சுற்றிக் கயிறு பிடித்து வட்டம் போடுங்கள். முற்பகலில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு கல், பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தில் ஒரு கல். ரெண்டையும் சேர்த்தால் அது கிழக்கு மேற்கு. 12 மணி நிழலை நம்பாதீர்கள், சென்னையில் உச்சி நேரம் மாசத்துக்கு மாசம் 11:50க்கும் 12:25க்கும் இடையில் நகரும். பக்கத்து மனைக்காரரின் மரத்தை உங்கள் நிழலாகக் கணக்கில் வைக்காதீர்கள். என் தம்பி வீட்டு மேற்கே இருந்த வேம்பு, பத்திரம் முடிந்த மூணாம் மாசம் வெட்டுப்பட்டது.

உறையூர்:
ஐயா, ஜூன் வெயில் பற்றிச் சொன்னது சரி. சாயங்காலம் மாடியில் நின்று பார்த்தேன், வடக்குக் கைப்பிடிச் சுவரில் வெயில் இருக்கிறது. தெற்கு விஷயத்தில் மட்டும் எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மறைமலைநகர்க்காரன்:
ஐயா சொன்ன மூங்கில் தட்டி மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு அடி இடைவெளி விட்டுக் கட்டியாச்சு. புங்கங்கன்று ரெண்டு வைத்திருக்கிறோம், இடுப்பு உயரம் வந்திருக்கிறது. அம்மா கட்டிலை இன்னும் கூடத்தில்தான் போட்டிருக்கிறோம்.